உட்கருக்களைக் கணினி சரியாக எண்ணுகிறதா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

நுண்ணோக்கிப் படங்களில் செல்களின் உட்கருக்களைக் கணினியே கண்டுபிடித்து எண்ணுவது குறித்து வந்த கேள்விகளில், பலருக்கும் பயன்படக்கூடியவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம்.

கேள்வி: ஆய்வகத்தில் வளர்க்கும் ஹீலா என்ற மனிதச் செல்களுக்கு, டிஎன்ஏவில் ஒட்டி ஒளிரும் டாப்பி சாயம் ஏற்றி, 20 மடங்கு ஆப்ஜெக்டிவில் படம் எடுத்து, ஃபிஜி என்ற பட ஆய்வு மென்பொருளில் எண்ணுகிறேன். ஒட்டிக்கொண்டிருக்கும் இரண்டு உட்கருக்களை ஒன்றாக எண்ணுகிறது. ஒட்டியவற்றைப் பிரிக்கும் வாட்டர்ஷெட் போட்டால், தனியாக நன்றாக இருந்த உட்கரு மூன்றாக உடைகிறது. எதைச் சரிசெய்வது?
— முனைவர் பட்ட மாணவி, கோயம்புத்தூர்

வாட்டர்ஷெட்டில் தவறில்லை. அதற்கு முந்தைய படிகளைத்தான் சரிசெய்ய வேண்டும். ஃபிஜியில் இருக்கும் வாட்டர்ஷெட்டுக்கு உங்கள் படத்தின் வெளிச்ச அளவுகள் எதுவும் தெரியாது. த்ரெஷோல்ட் (ஒரு வெளிச்ச வரம்பு வைத்துப் பிரிப்பது) முடிந்து கறுப்பு வெள்ளையாக மாறிய வடிவம் மட்டும்தான் அதன் கண்ணில் படுகிறது. வெள்ளைப் பகுதியின் ஒவ்வொரு பிக்சலும் ஓரத்திலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கணக்கிட்டு, அந்தத் தூரம் உச்சத்தைத் தொடும் இடங்களைக் குறித்துக்கொள்ளும். ஓர் உச்சிக்கு ஓர் உட்கரு. இரண்டு உட்கருக்கள் ஒட்டியிருந்தால் சேரும் இடம் குறுகலாக இருக்கும், இரண்டு உச்சிகள் வரும், நடுவே கோடு விழும். ஆனால் ஓரம் பிசிறடித்திருந்தாலும் உள்ளே ஓட்டை இருந்தாலும் ஒரே உட்கருவுக்குள்ளேயே பல உச்சிகள் முளைத்துவிடும்.

ஓட்டை எங்கிருந்து வருகிறது? உட்கருவுக்குள் சிறு உருண்டையாக நியூக்ளியோலஸ் இருக்கும் இடத்தில் டாப்பி குறைவாகத்தான் ஏறும். த்ரெஷோல்ட் போட்டதும் அந்த இடம் உட்கருவுக்குள் ஒரு கறுப்புப் புள்ளியாக நிற்கும். அந்தப் புள்ளியின் விளிம்பையும் ஓரமாகவே கணினி எடுத்துக்கொள்வதால், உச்சிகள் அதைச் சுற்றி வளையமாக அமைந்துவிடும். வாட்டர்ஷெட் அந்த வளையத்தை இரண்டாக, மூன்றாக வெட்டிவிடும். உங்கள் படத்தில் நடப்பது பெரும்பாலும் இதுதான்.

எனவே வரிசை முக்கியம். முதலில் அளவைக் கணக்கிடுங்கள். கேமராவின் பிக்சல் 6.5 மைக்ரான் என்றால், 20 மடங்கில் படத்தின் ஒரு பிக்சல் 0.325 மைக்ரான். 15 மைக்ரான் விட்டமுள்ள உட்கரு சுமார் 46 பிக்சல் அகலம் வரும். இந்த எண்ணை வைத்துத்தான் மற்ற எல்லாவற்றையும் தீர்மானிக்க வேண்டும். செட் ஸ்கேலில் 0.325-ஐப் பதியுங்கள். பின்புலத்தைக் கழிக்கும் சப்ட்ராக்ட் பேக்ரவுண்டில் ஆரம் 50 பிக்சல் போதும். அதே செல்லை 40 மடங்கில் எடுத்தால் உட்கரு 92 பிக்சல் ஆகிவிடும். அப்போதும் 50-லேயே விட்டால், பெரிய உட்கருக்களின் நடுப்பகுதியையும் சேர்த்துக் கழித்துவிட வாய்ப்புண்டு. அங்கே 100-க்கு மேல் வையுங்கள். அடுத்து படத்தை லேசாக மங்கலாக்கும் காஸியன் பிளர், அதன் அளவான சிக்மா 2 பிக்சல். அதன்பிறகு த்ரெஷோல்ட். உடனே ஓட்டைகளை அடைக்கும் ஃபில் ஹோல்ஸ். அதற்குப் பிறகுதான் வாட்டர்ஷெட். கடைசியாக அனலைஸ் பார்ட்டிகிள்ஸில் பரப்பு வரம்பு 40 முதல் 500 சதுர மைக்ரான். 15 மைக்ரான் வட்டத்தின் பரப்பு 177 சதுர மைக்ரான் என்பதால், இந்த வரம்புக்குள் சிறியதும் பெரியதும் அடங்கிவிடும்.

இவ்வளவுக்குப் பிறகும் உடைந்தால் சிக்மாவை 3 ஆக்கிப் பாருங்கள். சாதாரண வாட்டர்ஷெட்டில் மாற்றிப் பார்க்க எந்த அளவும் கிடையாது. மார்ஃபோலிப்ஜே என்ற பிளகினைச் சேர்த்தால், அதன் டிஸ்டன்ஸ் டிரான்ஸ்ஃபார்ம் வாட்டர்ஷெட்டில் டைனமிக் என்ற ஓர் எண் இருக்கிறது. அதை 1-லிருந்து 2, 3 என்று ஏற்றும்போது சின்னச் சின்ன உச்சிகள் புறக்கணிக்கப்படும், உடைவது குறையும். மிகவும் ஏற்றினால் ஒட்டிய ஜோடிகள் மறுபடியும் ஒன்றாகிவிடும். ஒட்டிய ஜோடிகள் அதிகமுள்ள ஒரு படம், நியூக்ளியோலஸ் பெரிதாகத் தெரியும் ஒரு படம் என இரண்டை எடுத்து வைத்துக்கொண்டு, இரண்டிலும் சரியாக வரும் எண்ணில் நிறுத்துங்கள்.

கோடுகள் உட்கருக்களை விட்டுவிட்டு வெளிப்புறத்தை வெட்டினால், பைனரி ஆப்ஷன்ஸில் பிளாக் பேக்ரவுண்ட் அமைப்பு தலைகீழாக இருக்கிறது என்று பொருள்.

ஒன்றின்மேல் ஒன்று பாதிக்குமேல் ஏறிக் கிடக்கும் உட்கருக்களை வடிவத்தை வைத்துப் பிரிக்கவே முடியாது, ஏனெனில் குறுகலான இடமே அங்கு இல்லை. அடுத்த முறை செல்களைக் கொஞ்சம் குறைவாக விதைப்பதுதான் இதற்கு நல்ல மருந்து.

கேள்வி: த்ரெஷோல்டைக் கையால் வைத்தால் பாரபட்சம் என்பார்கள் என்று, வரம்பைத் தானாகவே கண்டுபிடிக்கும் ஓட்சு முறையையே எல்லாப் படங்களுக்கும் போட்டேன். தட்டில் செல்லே இல்லாத ஒரு கட்டத்தில் பல நூறு உட்கருக்கள் இருப்பதாகக் காட்டுகிறது.
— ஆய்வக உதவியாளர், சென்னை

1979-ல் நோபுயுகி ஓட்சு தந்த இந்த முறை, படத்தில் இரண்டு கூட்டங்கள் இருக்கின்றன என்று முன்கூட்டியே எடுத்துக்கொள்கிறது. அவற்றுக்கு நடுவே எந்த இடத்தில் பிரித்தால் வேறுபாடு அதிகமோ அங்கே கோடு போடுகிறது. வெறும் பின்புலம் மட்டும் இருக்கும் படத்தைக் கொடுத்தாலும் அது பிரித்தே தீரும். அப்போது இரைச்சலில் பாதி உட்கருவாகிவிடும். செல்கள் மிகக் குறைவாக உள்ள படத்திலும் கோடு பின்புலத்தை நோக்கிச் சரியும். இதற்கு எதிரான தொல்லையும் உண்டு. பிளவுறும் செல்களில் குரோமோசோம்கள் திரண்டு மிகப் பிரகாசமாக இருக்கும். அவை கோட்டை மேலே இழுத்துவிட, மங்கலான உட்கருக்கள் காணாமல் போகும்.

தானியங்கி முறையை விட்டுவிட வேண்டாம், அதற்கு ஒரு தரை போடுங்கள். செல்ப்ரொஃபைலர் என்ற மென்பொருளில் த்ரெஷோல்டுக்குக் கீழ் வரம்பு, மேல் வரம்பு கொடுக்க இடம் இருக்கிறது. பின்புலம் 200 அளவிலும் மிக மங்கலான உண்மையான உட்கரு 600 அளவிலும் இருந்தால், கீழ் வரம்பை 350-க்கு இணையாக வைக்கலாம் (செல்ப்ரொஃபைலர் வெளிச்சத்தை 0 முதல் 1 வரை அளப்பதால், 350-ஐப் படத்தின் உச்ச மதிப்பால் வகுத்துக் கொடுங்கள்). ஓட்சு எவ்வளவு கீழே போனாலும் அதற்குக் கீழ் இறங்காது. இந்த எண்ணை, சாயம் ஏற்றாத கட்டத்தையும் மிக மங்கலான கட்டத்தையும் பார்த்து ஒரே முறை தீர்மானித்து, தட்டு முழுவதற்கும் மாற்றாமல் வையுங்கள். மங்கல், பிரகாசம் இரண்டும் கலந்த படங்களுக்கு மூன்று வகுப்பு ஓட்சுவைத் தேர்ந்தெடுத்து, நடு வகுப்பை உட்கருவோடு சேர்க்கச் சொல்லுங்கள். கையால் வைத்த எண் பாரபட்சமாவது அதைப் படத்துக்குப் படம் மாற்றும்போதுதான். சோதனை தொடங்குமுன் வைத்து, எல்லாப் படத்துக்கும் ஒன்றாகவே பயன்படுத்தி, கட்டுரையிலும் எழுதிவிட்டால் குறை சொல்ல எதுவும் இல்லை.

கேள்வி: படம் எடுக்கும்போதே எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?
— எம்.எஸ்சி. மாணவர், திருச்சி

முதலில் எக்ஸ்போஷர். 12 பிட் கேமராவில் உச்ச மதிப்பு 4095. வெளிச்ச அளவுகளின் பரவலைக் காட்டும் ஹிஸ்டோகிராம் அந்தச் சுவரில் மோதி நின்றால், ஒட்டிய இரண்டு உட்கருக்களுக்கு நடுவே இருந்த மங்கலான பள்ளம் அழிந்துவிட்டது என்று பொருள். எந்த மென்பொருளாலும் அதை மீட்க முடியாது. மிகப் பிரகாசமான உட்கரு 3000-ஐத் தாண்டாதபடி வையுங்கள். படங்களை டிஃப் கோப்பாகவோ நுண்ணோக்கியின் சொந்தக் கோப்பு வகையிலோ சேமியுங்கள். ஜேபெக் கோப்பு 8×8 பிக்சல் கட்டங்களாகப் படத்தைச் சுருக்குவதால் மங்கலான ஓரங்களில் சதுரத் தடம் விழும்.

வெளிச்சம் நடுவில் கூடியும் மூலைகளில் குறைந்தும் இருப்பது மிகச் சாதாரணம். மூலைகளில் எண்ணிக்கை எப்போதும் குறைந்தே வந்தால் அங்கே செல் குறைவு என்று முடிவு கட்டாதீர்கள். ஒரே நாளில் எடுத்த ஐம்பது, அறுபது படங்களைச் சராசரி எடுத்தால் வெளிச்சத்தின் வடிவம் தெரிந்துவிடும். ஒவ்வொரு படத்தையும் அதனால் வகுத்துவிடுங்கள். ஃபிஜியில் பேசிக் என்ற பிளகின் இதையே செய்கிறது.

இன்னொன்று: டாப்பி எல்லா டிஎன்ஏவிலும் ஏறும். உட்கருவுக்கு வெளியே, சைட்டோபிளாசத்தில் மிகச் சிறிய ஒளிப்புள்ளிகள் நிறையத் தெரிந்தால், பரப்பு வரம்பை வைத்து அவற்றை வடிகட்டிவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். வளர்ப்பில் மைகோபிளாஸ்மா என்ற பாக்டீரியாவின் தொற்று இருக்கலாம். உடனே சோதித்துப் பாருங்கள்.

கேள்வி: பெருகும் செல்களைக் காட்டும் கேஐ-67 புரதத்துக்குச் சாயமேற்றிய ஸ்லைடுகளை க்யூபாத் என்ற மென்பொருளில் எண்ணிப் பார்க்கிறோம். கண்ணால் எண்ணிய சதவீதத்துக்கும் இதற்கும் பொருந்தவில்லை. எதை நம்புவது?
— நோய்க்குறியியல் முதுநிலை மாணவர், மதுரை

வித்தியாசம் எங்கே நுழைகிறது என்று கண்டுபிடித்தால்தான் நம்ப முடியும். மூன்று இடங்களில் அது நுழையும்.

ஒன்று, நிறப் பிரிப்பு. எல்லா உட்கருவிலும் ஏறும் ஹேமடாக்சிலினின் நீலத்தையும், கேஐ-67 உள்ளவற்றில் ஏறும் டிஏபியின் பழுப்பையும் தனித்தனியாகப் பிரிக்க, ரூய்ஃப்ரோக், ஜான்ஸ்டன் இருவரும் 2001-ல் வெளியிட்ட முறையே இன்றும் அடிப்படை. ஒவ்வொரு பிக்சலும் எவ்வளவு ஒளியை விழுங்கியது என்று லாகரிதத்தில் மாற்றி, அதைச் சாயங்களுக்குப் பங்கிடுகிறது. வெள்ளைப் பின்புலம் 255 என்றும் பிக்சல் 80 என்றும் இருந்தால், விழுங்கிய அளவு சுமார் 0.5. உங்கள் ஸ்கேனரில் பின்புலம் உண்மையில் 255 இல்லாமல் 235 ஆகவோ லேசான மஞ்சளாகவோ இருந்தால், எல்லாக் கணக்கும் தள்ளிப்போகும். ஒவ்வொரு ஆய்வகத்தின் சாயமும் ஒவ்வொரு சாயலில் இருக்கும். எனவே நீலம், பழுப்பு, வெற்றிடம் மூன்றும் உள்ள ஒரு சிறு பகுதியைத் தேர்ந்து, எஸ்டிமேட் ஸ்டெயின் வெக்டர்ஸை ஓட்டிய பிறகே எண்ணத் தொடங்குங்கள்.

இரண்டு, எந்தப் படத்தில் தேடுவது என்பது. பழுப்பு அடர்ந்த உட்கருவில் நீலம் கண்ணுக்கும் கணினிக்கும் தெரியாது. நீலத்தில் மட்டும் தேடினால் பாசிட்டிவ் உட்கருக்கள் பல விடுபட்டு, சதவீதம் குறையும். டிடெக்‌ஷன் இமேஜில் ஆப்டிகல் டென்சிட்டி சம் என்பதையே வையுங்கள். பிக்சல் அளவு 0.5 மைக்ரான், சிக்மா 1.5 மைக்ரான், பரப்பு 10 முதல் 400 சதுர மைக்ரான் என்ற இயல்புநிலை எண்கள் தொடங்குவதற்கு நல்லவை. ஒட்டியவை பிரியாவிட்டால் சிக்மாவைச் சற்றுக் குறைக்கவும். ஸ்கேன் கோப்பில் பிக்சல் அளவு பதிவாகியிருக்கிறதா என்பதை முதலிலேயே பாருங்கள். அது இல்லையென்றால் இந்த மைக்ரான் எண்களுக்கு அர்த்தமே கிடையாது.

மூன்றாவதுதான் மிகப் பெரியது. எவற்றை எண்ணுகிறோம்? மென்பொருள் கட்டிச் செல், லிம்போசைட் என்ற வெள்ளையணு, இணைப்புத்திசு செல் எல்லாவற்றின் உட்கருவையும் ஒன்றாகத்தான் கண்டுபிடிக்கும். செரிமானப் பாதையின் நியூரோஎண்டோகிரைன் கட்டிகளை எடுத்துக்கொள்ளுங்கள். கேஐ-67 3 சதவீதத்துக்குக் கீழ் என்றால் முதல் தரம், 3 முதல் 20 வரை இரண்டாம் தரம். மென்பொருள் 500 உட்கருக்களைக் காட்டி, அதில் 14 பழுப்பு என்கிறது. 2.8 சதவீதம், முதல் தரம். அந்த 500-ல் 100 பழுப்பேறாத லிம்போசைட்டுகள் என்றால், கட்டிச் செல் 400 மட்டுமே. 14-ஐ 400-ஆல் வகுத்தால் 3.5 சதவீதம், இரண்டாம் தரம். ஒரு பழுப்பு உட்கருகூடத் தவறாகக் கண்டுபிடிக்கப்படவில்லை, ஆனாலும் தரம் மாறிவிட்டது. ஆகவே எண்ணும் பகுதியைக் கட்டியின் எல்லைக்குள் கையால் வரையுங்கள். பிறகு க்யூபாத்தில் செல் வகைகளைப் பிரிக்கும் கிளாசிஃபையரைப் பயிற்றுவித்து லிம்போசைட்டுகளை ஒதுக்குங்கள். மெலனின், ஹீமோசிடெரின், நுரையீரல் திசுவின் கரித்துகள், மடிந்த திசு எல்லாம் பழுப்பாகவோ கருமையாகவோ தெரிந்து ஏமாற்றும். அந்த இடங்களைத் தவிருங்கள்.

அறிக்கையில் எந்த எண் போக வேண்டும் என்பதை, உட்கரு எல்லைகள் வரைந்த படத்தைக் கண்ணால் பார்த்த நோய்க்குறியியல் மருத்துவர்தான் தீர்மானிக்க வேண்டும். டிஏபி எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு புரதம் என்று எழுதிவிடவும் வேண்டாம். அதன் படிவு ஒளியைச் சிதறவும் செய்வதால் அந்த நேர்க்கணக்கு நிற்காது.

கேள்வி: உட்கருவைக் கண்டுபிடிக்கப் பயிற்றுவித்த ஆழ்கற்றல் மாதிரிகளான ஸ்டார்டிஸ்ட், செல்போஸ் இரண்டில் எது நல்லது? ஜிபியு (கிராஃபிக்ஸ் செயலி) வாங்கியே ஆக வேண்டுமா?
— உயிரித்தொழில்நுட்ப ஆசிரியர், வேலூர்

உருண்டையான, நெருக்கமான உட்கருக்களுக்கு ஸ்டார்டிஸ்ட்டையே முதலில் முயலச் சொல்வோம். 2018-ல் வந்த இந்த முறை, உட்கருவின் ஒவ்வொரு பிக்சலிலிருந்தும் 32 திசைகளில் ஓரம் எவ்வளவு தூரம் என்று கணித்து, அதிலிருந்து பலகோண வடிவங்களை உருவாக்கி, மிகப் பொருந்துவதை மட்டும் வைத்துக்கொள்கிறது. வடிவத்தின் நடுவே நின்று பார்த்தால் எல்லா ஓரமும் நேராகத் தெரிய வேண்டும் என்பது இதன் அடிப்படை. நியூட்ரோஃபிலின் பல மடல் உட்கரு, வாழைப்பழம்போல் வளைந்த உட்கரு ஆகியவற்றில் இது தடுமாறும். அங்கே செல்போஸ் கைகொடுக்கும். செல்போஸ் ஒவ்வொரு பிக்சலும் எந்த மையத்தை நோக்கி நகர வேண்டும் என்று கற்றுக்கொள்வதால், வடிவம் எப்படியிருந்தாலும் பின்தொடரும்.

இரண்டிலும் அதிகம் தடுக்கி விழும் இடம் அளவுதான். 60 மடங்கில் பிக்சல் 0.108 மைக்ரான் என்றால் 15 மைக்ரான் உட்கரு 139 பிக்சல் அகலமாகிவிடும். பயிற்சிப் படங்களில் அந்த மாதிரிகள் அவ்வளவு பெரிய உட்கருக்களை அதிகம் பார்த்ததில்லை. ஒரே உட்கருவைப் பல துண்டுகளாகக் காட்டும். படத்தைக் கால் பங்காகச் சுருக்கிக் கொடுங்கள், 35 பிக்சல் வரும், சரியாகிவிடும். செல்போஸ் 3-ம் பதிப்பு வரை விட்டத்தை நீங்களே பிக்சலில் கொடுக்கலாம். ஃபிஜியில் இருக்கும் நேர்க்கோட்டு அளவுக் கருவியால் பத்து உட்கருக்களை அளந்து சராசரியைக் கொடுங்கள்.

ஸ்டார்டிஸ்ட் ஒவ்வொரு படத்தின் வெளிச்சத்தையும் 1 முதல் 99.8 வரையிலான சதமானத்துக்கு நீட்டிக்கொள்ளும். ஓட்சுவில் சொன்ன தொல்லை இங்கேயும் வரும். வெற்றுப் படத்தின் இரைச்சல் நீட்டப்பட்டு, இல்லாத உட்கரு முளைக்கும். நீட்டுவதற்கான எல்லைகளைத் தட்டு முழுவதற்கும் ஒன்றாக வைத்து நீங்களே முன்கூட்டிச் செய்துவிடுங்கள்.

ஹேமடாக்சிலின், இயோசின் சாயமேற்றிய ஹெச் அண்ட் இ படங்களுக்கு ஸ்டார்டிஸ்டில் தனி மாதிரி உண்டு. அதன் பயிற்சிக்கு உதவிய மோனுசெக் தொகுப்பு, ஐஐடி குவாஹாட்டி ஆய்வாளர்கள் 2017-ல் வெளியிட்ட உழைப்பிலிருந்து வளர்ந்தது. ஏழு உறுப்புகளிலிருந்து 1000×1000 பிக்சல் கொண்ட 30 படங்களில், இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட உட்கருக்களின் ஓரங்களை ஒவ்வொன்றாகக் கையால் வரைந்தார்கள். இன்று இந்தத் துறையில் யார் புது முறை கண்டாலும் அதன்மீது சோதிக்காமல் இருப்பது அரிது. அந்தப் பொறுமையான வேலைக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

ஜிபியு, பயிற்றுவிக்கத்தான் தேவை. ஆயத்த மாதிரியை ஓட்ட, 1024×1024 படத்துக்குச் சாதாரணக் கணினியே போதும். சொந்தமாகப் பயிற்றுவிக்க நேர்ந்தால் ஆயிரக்கணக்கில் வரைய வேண்டும் என்று அஞ்ச வேண்டாம். மாதிரி தரும் விடையைத் திருத்தி, மறுபடி பயிற்றுவித்து, மறுபடி திருத்தும் முறையில் 100 முதல் 200 வரை குறித்தாலே நல்ல பலன் கிடைக்கும் என்று 2022-ல் செல்போஸ் குழுவினர் காட்டினார்கள். ஒரே ஸ்லைடின் ஒரு பாதியில் பயிற்சியும் மறு பாதியில் தேர்வும் வைத்துவிடாதீர்கள். மதிப்பெண் அழகாக வரும், அடுத்த நோயாளியின் ஸ்லைடில் கவிழ்ந்துவிடும்.

கேள்வி: கையால் எண்ணியதும் கணினி எண்ணியதும் 100-க்கு 100 ஒத்துப்போகிறது. இதற்கு மேல் சோதனை தேவையா?
— ஆய்வு மாணவர், யாழ்ப்பாணம்

கட்டாயம் தேவை. 100 உட்கருக்கள் உள்ள படத்தில் 10 ஜோடிகள் ஒட்டிப்போய் ஒன்றாக எண்ணப்பட்டால் 10 குறையும். வேறு 10 உட்கருக்கள் இரண்டிரண்டாக உடைந்தால் 10 கூடும். மொத்தம் 100. ஆனால் சரியாகக் கண்டுபிடித்தது 70 மட்டும்தான். விடுபட்டது 30, பொய்யாக வந்ததும் 30. இரண்டு வகைப் பிழைகளையும் சேர்த்து மதிப்பிடும் எஃப்1 மதிப்பு 0.70. பரப்பையோ ஒளியளவையோ இந்தப் பட்டியலிலிருந்து எடுத்தால் எல்லாமே பிசகும்.

டைஸ் மதிப்பு 0.95-க்கு மேல் வந்தது என்று ஆறுதல் கொள்ளவும் முடியாது. எந்தப் பிக்சல் உட்கரு, எது பின்புலம் என்பதை மட்டும் அது பார்க்கும். ஒட்டிய ஜோடியை ஒன்றாக எண்ணினாலும் பிக்சல்கள் சரிதானே, மதிப்பெண் குறையாது. கையால் வரைந்த ஓர் உட்கருவும் கணினி காட்டிய ஒன்றும் பொதுவாக மூடும் பரப்பை, இரண்டும் சேர்ந்து மூடும் மொத்தப் பரப்பால் வகுங்கள். 0.5-க்கு மேல் வந்தால் மட்டும் சரி என்று எடுத்து, உட்கரு உட்கருவாக எஃப்1 கணக்கிடுங்கள். ஒட்டியவை எத்தனை, உடைந்தவை எத்தனை என்று தனியாகவும் எழுதுங்கள். முதல் வகை அதிகமென்றால் பிளர் கூடிவிட்டது, இரண்டாம் வகை அதிகமென்றால் குறைந்துவிட்டது. எதைத் திருத்துவது என்பதை அந்த இரண்டு எண்களே காட்டிவிடும். சோதனைப் படங்களில் அடர்த்தியானதும் மங்கலானதும் கட்டாயம் இருக்க வேண்டும்.

கேள்வி: பைத்தானில், ஒவ்வொரு உட்கருவுக்கும் ஓர் எண் கொடுத்த லேபிள் படத்தைச் சேமித்துத் திறந்தால் எந்தப் படத்திலும் 255-க்கு மேல் உட்கரு இல்லை!
— மென்பொருள் பொறியாளர், பெங்களூரு

8 பிட்டில் சேமிக்கிறீர்கள். 256-ம் உட்கரு சுழியமாகிப் பின்புலத்தோடு கலந்துவிடும், 257-ம் உட்கரு 1-உடன் சேர்ந்துவிடும். 16 பிட்டில் சேமியுங்கள், 65,535 வரை தாங்கும். லேபிள் படத்தை அளவு மாற்றும்போது அருகிலுள்ள பிக்சலை அப்படியே எடுக்கும் முறையை மட்டுமே பயன்படுத்துங்கள். மற்ற முறைகள் 12-க்கும் 40-க்கும் நடுவே 26 என்று இல்லாத உட்கரு ஒன்றைப் படைத்துவிடும்.

கேள்வி: திசு வெட்டுகளில் மருந்து கொடுத்த விலங்குகளில் உட்கருக்கள் 15 சதவீதம் கூடியிருக்கின்றன. செல் பெருகியதாக எழுதலாமா?
— மருந்தியல் ஆய்வாளர், புதுச்சேரி

உட்கருவின் விட்டத்தை அளக்காமல் எழுத வேண்டாம். வெட்டின் தடிமன் 4 மைக்ரான், உட்கருவின் விட்டம் 8 மைக்ரான் என்றால், ஒரே உட்கரு அடுத்தடுத்த பல வெட்டுகளில் தலைகாட்டும். 1946-ல் அபர்கிராம்பி தந்த திருத்தம் எளிது: எண்ணியதைத் தடிமனால் பெருக்கி, தடிமனும் விட்டமும் சேர்ந்த கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். இங்கே 4-ஐ 12-ஆல் வகுக்க, மூன்றில் ஒன்று. 300 எண்ணினால் உண்மையில் 100.

இப்போது மருந்தால் உட்கரு 10 மைக்ரானாக வீங்கியது என்று வையுங்கள். செல் ஒன்றுகூடக் கூடாமலே எண்ணிக்கை 12-க்கு 14 என்ற விகிதத்தில், அதாவது 17 சதவீதம் ஏறிவிடும். உங்கள் 15 சதவீதம் முழுவதும் அதுவாகவே இருக்கக்கூடும். விட்டத்தை இரண்டு குழுக்களிலும் அளந்து, திருத்திய எண்ணை ஒப்பிடுங்கள். படத்தின் ஓரத்தில் வெட்டுப்பட்ட உட்கருக்களில், மேல் ஓரத்தையும் இடது ஓரத்தையும் தொடுபவற்றைச் சேர்த்து, கீழ், வலது ஓரங்களைத் தொடுபவற்றை விட்டுவிடுங்கள். எல்லா ஓரத்திலும் விலக்கினால் பெரிய உட்கருக்களே அதிகம் விடுபடும். வெட்டுகள் தடிமனாக, 20 மைக்ரானுக்கு மேல் கிடைக்குமானால், வெட்டுக்குள் புதிதாகக் குவியத்துக்கு வரும் உட்கருக்களை மட்டும் எண்ணும் டைசெக்டர் முறைக்கு மாறிவிடுங்கள். அதில் உட்கருவின் அளவு எண்ணிக்கையைப் பாதிக்காது.